பழைய ஆட்கள் வேண்டாம்

ஜெயிலுக்குப் போய் வந்தவன் பேசும்போது குறுக்கே யாரும் வாய் திறக்கக்கூடாது. பாறசாலை ஹாக்கி டீமில் இரண்டு வருடமாக அதுதான் வழக்கம். தமிழ் தாலுகாக்களைப் பிரித்து மதராஸோடு சேருங்கள் என்று ஐம்பத்துநாலில் ஊர்வலம் போய், அடிவாங்கி, உள்ளே இருந்துவிட்டு வந்த ஐந்து பேருக்கு டீமில் நிரந்தர இடம். கால் ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் அவர்களுக்கு மாலை போடுவார்கள். பிறகு தோற்பார்கள்.

அந்த ஐவரில் ஒருவனான குற்றாலிங்கத்துக்கு இப்போதெல்லாம் மாலையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. லத்தியடி பட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு அவன் பந்தருகே போய்ச் சேர்வதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டு மூச்சு வாங்கி நிற்பான். தோல்வியில் கொஞ்சமாவது மானம் மிஞ்சியது என்றால் அது களியக்காவிளையிலிருந்து வருகிற நாலு பையன்களால்தான். அவர்களில் செல்லசாமி ஓடினால் பந்து கம்பை விட்டுப் பிரியாது.

அக்டோபரில் கமிட்டி கூடியது. நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் பிரியப்போகின்றன. களியக்காவிளை இருக்கிற விளவங்கோடு தாலுகா மதராஸுக்கு. பாறசாலை இருக்கிற நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கு. அவ்வளவு அடியும் வாங்கியவர்களின் ஊர் கேட்ட பக்கம் போகவில்லை. அந்த எரிச்சல் ஆறாமல்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

செயலாளர் தாணுமாலயன் தொண்டையைக் கனைத்தார். "களியக்காவிளைப் பயலுவ நாலு பேரும் இனி வேண்டாம். ஒண்ணாந்தேதி முதல் அவனுவ வேற ராஜ்யமாக்கும். நம்ம பழைய ஆளுகளை முன்ன நிறுத்தி டீமைக் கட்டுவோம். குற்றாலிங்கம் கேப்டன்."

குற்றாலிங்கம் எழுந்தான். "சர்க்கார் கோடு போடதுக்கு இன்னும் நாளு கெடக்கு அண்ணாச்சி. அதுக்கு முன்ன நீங்களே போட்டாச்சா?"

"எலே, உனக்க மரியாதைக்குத்தான் சொல்லுதேன்."

"எனக்க மரியாதைய வச்சு கோல் அடிக்க முடியாது. பழைய ஆளு அஞ்சு பேரும் மாறி நிக்கணும். நானும்தான். சின்னப் பயலுவளை வச்சு அடியிலேருந்து கட்டணும். அந்த நாலு பேரு இல்லேன்னா டீமே கெடையாது. பூதலிங்கம், நீ குனிஞ்சு ஒரு பந்து தடுத்து எத்தனை நாளாச்சு?"

கோல்கீப்பர் பூதலிங்கத்தின் முகம் கறுத்துவிட்டது. "ஜெயில்ல நீ காய்ச்சல்ல கெடந்தப்போ எனக்க கஞ்சிய உனக்குத் தந்தேன். என்னைப் பாத்தா மாறச் சொல்லுத?"

"தந்தே. நான் மறக்கல்ல. அதுக்காக கோலைத் தொறந்து போடணுமா?"

பேசுகிற இருவருமே ஜெயிலுக்குப் போனவர்கள். அதனால் மற்றவர்கள் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு வாயைப் பொத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் உள்ளூரத் தெரியும், குற்றாலிங்கம் சொல்வது நியாயம் என்று. ஒருவனாவது தலையாட்டியிருக்கலாம். குற்றாலிங்கம் நாற்காலியை எட்டி உதைத்தான். "வெட்கங்கெட்டவங்களா," என்று கத்திவிட்டு வெளியேறினான்.

உதைத்த கால் வலித்தது. ஆத்திரத்தில் அதைப் பொருட்படுத்தாமல் களியக்காவிளை வரைக்கும் நடந்தான். சந்தைக்குப் பின்னால் பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். நாலு பேர் இல்லை, முழுதாக ஒரு டீமே இருந்தது.

"செல்லசாமி, கமிட்டிக்க முகத்துல துப்பாத குறையாப் பேசிட்டு வாறேன். உங்க நாலு பேரையும் நான் விடமாட்டேன்."

"இப்படி வரும்னு முன்னமே அறிஞ்சோம் அண்ணே. நாங்க இங்க தனியா டீம் போட்டாச்சு."

"நீயுமாலே கோடு போடுத?"

"கோடு வேணும்னு ஜெயிலுக்குப் போனது நீங்கதானே அண்ணே. நாங்க போவல்லியே."

பையன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. குரலைத் தணித்து, "அப்போ நான் இங்க வாறேன். பின்னால ஃபுல்பேக்கா நிக்கேன்," என்றான்.

செல்லசாமி மற்றவர்களைப் பார்த்தான். யாரும் முகம் கொடுக்கவில்லை.

"கோவிக்கப்பிடாது அண்ணே. பழைய ஆளுகளை எடுக்கண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம்."

சற்று முன்னால் அவன் தொண்டை கிழியக் கத்தியதைத்தான் இவர்கள் செய்திருக்கிறார்கள். ஒரு சொல் குறை சொல்ல வழியில்லை. வழியில்லாததாலேயே ஆத்திரம் தலைக்கு ஏறியது.

"நல்ல முடிவாக்கும்," என்றான் குற்றாலிங்கம். "ஆனா என்னைப் பாத்துச் சொல்லுததுக்கு உனக்கு எப்படிலே நாக்கு வந்தது?"