அடுக்களை காணப் போன ஆராய்ச்சி

திங்கட்கிழமை காலைக்குள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு சொல்லாவிட்டால் விமலகுமாரி டீச்சர் என் தலையில் நிலவரியைக் கட்டிவிடுவார். சும்மா மிரட்டவில்லை, வாயாலேயே சொல்லிவிட்டார். "சினி, உனக்கு ஒன்றும் அமையவில்லை என்றால் திருவிதாங்கூர் நிலவரி இருக்கவே இருக்கிறது." நிலவரி! மனிதர்கள் நடந்த கதையைப் படிக்க வந்தவளுக்கு நகராத நிலத்தைக் கொடுத்தால் அவள் உருப்படுவாளா?

நான் எம்.ஏ. வரலாறு, கடைசி செமஸ்டர். மனித இடப்பெயர்வின் வரலாறு என்று எங்களுக்கு ஒரு பேப்பர் உண்டு. முதல் வகுப்பில் டீச்சர் உலக வரைபடத்தைச் சுவரில் காட்டி, ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பும் அம்புக்குறிகளை விரலால் தொட்டுக்கொண்டே வந்தபோது எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பனியும் பாலைவனமும் கடலும் அந்த ஆட்களை நிறுத்தவே இல்லை! அன்று எங்கள் ஊர் பனச்சமூட்டுக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலி தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாளிடம், "நம்ம எல்லாரும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்களாக்கும், அறியுமா?" என்று கேட்டேன். "நான் நெய்யாற்றின்கரையில தான் ஏறினேன் மக்கா" என்றார் அவர்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வரைபடத்தில் எங்கள் ஊருக்கும் ஓர் அம்பு வேண்டும். என் தோழி ஜிஷாவுக்குக் கவலையே இல்லை. பொழியூர் கடற்கரைக்காரி. அவள் அப்பா ததேயூஸ் மீன்பிடிக்கக் குஜராத் வரைக்கும் போய் வந்தவர். அவள் தலைப்பு முதல் நாளே பாஸாகிவிட்டது. நான் மட்டும் சனிக்கிழமைதோறும் போனில் ரெக்கார்டரைத் தயார் செய்துகொண்டு செங்கல், ஆரியங்கோடு என்று வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒவ்வொரு வாசலிலும் சிரித்த முகத்தோடு கேட்டேன்: "உங்க குடும்பம் எங்கே இருந்து இஞ்ச வந்தது?"

எல்லையில் பிறந்து வளர்ந்த ஒருத்தி கேட்கவே கூடாத கேள்வி அது. பனச்சமூட்டில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. ரேஷன் கார்டு எந்தப் பக்கம், ஓட்டு எந்தப் பக்கம் என்று யாராவது வந்து தோண்டிவிடுவார்களோ என்ற பயம் எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. இது எனக்குத் தெரியாதா என்ன? டீச்சரின் அம்புக்குறி கண்ணை மறைத்துவிட்டது.

செங்கலில் ஒரு மாமி நான் கேட்டு முடிப்பதற்குள் உள்ளே ஓடி, ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஆரியங்கோட்டில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் கத்தியை இடுப்பில் செருகிவிட்டு நிமிர்ந்தார். "எனக்க அப்பனுக்க அப்பன் பிறந்தது இஞ்சயாக்கும். நீ என்ன, கார்டுல பேரு வெட்ட வந்தியா?" நான் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அங்கே போன் போய்விட்டது. கதவே திறக்கவில்லை. ஆக, என் ஆராய்ச்சி முடிவு இதுதான்: உலகத்து மனிதர்கள் எல்லாம் எங்கெங்கோ இருந்து வந்தார்கள், எங்கள் பக்கத்துக்காரர்கள் மட்டும் காளான் மாதிரி மண்ணிலேயே முளைத்தார்கள். எரிச்சலில் எனக்கு அழுகை வந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. மறுநாள் காலை தலைப்பு சொல்ல வேண்டும், கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள். மாமா மகள் பிரசீதாவுக்கு அந்த வாரம்தான் ஆரியங்கோட்டில் கல்யாணம் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அடுக்களை காணல். பெண் வீட்டார் வண்டி பிடித்து, பலகாரமும் பாத்திரமும் சுமந்துகொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், நம் பிள்ளை இனிமேல் நின்று சமைக்கப்போகும் அடுக்களையைக் கண்ணால் கண்டுவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுத் திரும்புவது. எங்கள் பக்கத்தில் இது இல்லாமல் கல்யாணம் முடிந்ததாகக் கணக்கில்லை.

"நான் வரல்ல" என்றேன். "எனக்கு நாளைக்கு நிலவரி."

"வரி நாளைக்கில்லியா? இண்ணைக்கு இறைச்சி உண்டு. வா, மக்கா" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். என் அம்மா சுகுமாரியிடம் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை, அப்பாவைத் தவிர. அப்பா வாதாடவே மாட்டார், பசிக்கிறது என்று மட்டும் சொல்வார்.

மாப்பிள்ளையின் அம்மா லில்லிக்குட்டி எங்களை வரவேற்று நேரே அடுக்களைக்குக் கூட்டிப் போனார். ஆண்கள் எல்லாரும் வெளியே பந்தல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்கள். அடுக்களை புதிதாக டைல்ஸ் போட்டுப் பளபளவென்று இருந்தது. பிரசீதாவின் அம்மா ராஜபாய் மாமி ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டி, "கொள்ளாம், கொள்ளாம்" என்றார். பிறகு திடீரென்று, "எனக்க அடுக்களை காணலுக்கு குலசேகரத்துல இருந்து எல்லாரும் லாறியில வந்தினும். முந்திரிக்கொத்து எல்லாம் வழியிலயே பொடிஞ்சு போச்சு" என்று சிரித்தார்.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"எனக்கு மார்த்தாண்டத்துல இருந்தாக்கும். பெருமழை. ஆளு வந்து சேரல்ல. வச்ச இறைச்சி எல்லாம் கெட்டுப்போச்சு, எனக்க மாமியாரு அத இப்பளும் சொல்லும்" என்றார் மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர். "நீ மார்த்தாண்டம், நான் பூவாறு. எனக்க அண்ணன் இந்த அடுக்களையப் பாத்துட்டு, இதுல பூனைகூட திரும்பாதுன்னு சொல்லிச் சண்டை போட்டான்" என்றார் லில்லிக்குட்டியின் ஓரகத்தி. லில்லிக்குட்டி ஈயப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் பாலராமபுரம். எனக்க அம்ம தோ அந்த மூலையில கண்ணீரும் மூக்குமா நிண்ணு கரைஞ்சா. அண்ணு அங்க விறகடுப்பு."

என் கையில் பப்படத் தட்டு இருந்தது. அதை அப்படியே மேடையில் வைத்தேன். "இஞ்ச நிக்கிறவங்கள்ல இந்த ஊருல பிறந்தவங்க யாரு உண்டு?" என்று கேட்டேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் இல்லை! விருந்துக்கு வந்த நாங்கள் இருக்கட்டும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில்கூட ஒருத்தியும் அந்த ஊரில் பிறந்தவள் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் எல்லாரும் பிறந்த மண்ணில் காலை நீட்டிச் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். பேர் வெட்ட வந்தாயா என்று என்னைத் துரத்திய அந்த ரப்பர் அண்ணனும் கூட்டத்தில் இருந்தார். பாவி மனுஷா, நான் உன் வாசலில் கேட்டிருக்க வேண்டியது உன்னை இல்லை, உள்ளே உனக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தவளை!

அதுவும் எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டிருக்கக் கூடாது. உங்கள் அடுக்களை காணலுக்கு யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டால் ரேஷன் கார்டு எடுக்க யாரும் ஓட மாட்டார்கள். ஊர், வழி, வண்டி, மழை, கூட வந்தவர்கள், அழுதவர்கள், எல்லாம் தானாக வந்து விழும். ஓர் அம்பு கேட்டு அலைந்தேனே, ஒரே அடுக்களைக்குள் எத்தனை அம்புகள்! எல்லாரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டு ரெக்கார்டரைப் போட்டேன். சோறு தின்னக்கூட மறந்துபோனேன். இறைச்சி தீர்ந்துவிட்டது, அதுவும் பரவாயில்லை.

திரும்பும்போது வேனில் நான் வாயை மூடவே இல்லை. அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். "உனக்க அடுக்களை காணலுக்கு யாரு வந்தா?" என்று அவளையும் கேட்டேன். கேட்டுவிட்டுச் சிரிப்பு வந்தது. அம்மா பிறந்த வீடு, இப்போது மாமா இருக்கும் வீடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எங்கள் முற்றத்தில் நின்றால் அதன் கூரை தெரியும்.

"ரோட்டத் தாண்டி நடந்து வந்தினும்" என்றாள் அம்மா. "உனக்க அப்பா எல்லாருட்டயும் அதச் சொல்லிச் சிரிக்கும். எனக்க அம்ம கரைஞ்சப்போ, எதுக்கு கரையணும், கூப்பிட்டா கேக்குமில்லியான்னு எல்லாரும் சொன்னாங்க."

"சரிதானே?"

"சரிதான். கூப்பிட்டா கேக்கும்." அம்மா ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா ஒண்ணு உண்டு கேட்டியா. தூரத்துல கெட்டிக் குடுத்தவளுக வீட்டுக்கு வந்தா பத்து நாளு நிப்பாளுக. கல்ஃபுல இருக்கவனுக்கு ஒரு மாசம் லீவு உண்டு. எனக்கு அது கெடையாது. பக்கத்துல தானே, சாயங்காலம் வந்துருன்னு உனக்க அப்பா சொல்லும். நானும் வந்துருவேன். ஒன்னப் பெத்து எந்திரிச்சு வந்ததுக்குப் பெறவு எனக்க வீட்டுல ஒரு ராத்திரிகூட கெடந்ததில்ல."

அம்மா இதைப் புகாராகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப்போலச் சொன்னாள். இத்தனை வருஷம் அந்தக் கூரையை நானும்தானே தினமும் பார்க்கிறேன்? ஒரு தடவையாவது தோன்றியதா?

மறுநாள் டீச்சர் முன்னால் நின்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். டீச்சர் மலையாளத்தில்தான் பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன். "கல்யாணத்தால் பெண்கள் இடம்பெயர்வது மக்கள்தொகைக் கணக்கிலேயே இருக்கிறது, சினி. அதில் நீ என்ன புதிதாகச் சொல்லப்போகிறாய்? அதுவும் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்."

நிலவரி என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. விடுவேனா?

"பக்கம்தான் டீச்சர் விஷயமே!" என்று கத்திவிட்டேன். பின்வரிசையில் ஜிஷா முகத்தை மூடிக்கொண்டாள். "தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. திரும்பிப் போய் எத்தனை ராத்திரி தங்க முடிகிறது என்று அளக்க வேண்டும். அப்படி அளந்தால் குஜராத்துக்குப் போன ஜிஷாவின் அப்பாவைவிட, ரோட்டைத் தாண்டிய என் அம்மா ரொம்பத் தூரம் போனவள்." அம்மா வேனில் சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைப்பு உனக்குத்தான்" என்றார். "ஆனால் முதல் அத்தியாயமே உன் அம்மாவின் அந்த வாக்கியத்தில்தான் நிற்கிறது. அம்மா என்பதால் சும்மா எடுத்து எழுதிவிடாதே. முறையாகச் சம்மதம் கேள்."

பஸ் பனச்சமூட்டில் நிற்பதற்குள் குதித்தேன். வெயில் சாய்ந்திருந்தது. அப்பா ரோட்டோரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதையோ தொலைத்தவர் மாதிரி எதிர்ப்பக்கம் பார்த்து நின்றார்.

"உனக்க அம்மைக்கு என்ன பற்றிச்சு, எட்டி?" என்றார். "சோறும் கறியும் வச்சிட்டு, பையும் எடுத்துட்டு அங்கோட்டு போயிருக்கா. சண்டையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு வட்டம் கூப்பிட்டாச்சு. கேக்குது, ஆனா வரல்ல."

எதிரே மாமா வீட்டு முற்றத்தில் அம்மா இருந்தாள். நைட்டிக்கு மாறியிருந்தாள். ராஜபாய் மாமி அவளுக்குப் பின்னால் நின்று தலை கோதிக்கொண்டிருந்தார்.

"அம்மா! டீச்சர் ஒத்துக்கிட்டாங்க!" என்று கேரளத்தில் நின்று தமிழ்நாட்டுக்குக் கத்தினேன். "நீ வேன்ல சொன்னத நான் எழுதட்டா?"

நடுவே ஒரு பஸ் போனது. அது போய் முடியும்வரை அம்மா காத்திருந்தாள்.

"எழுது!" என்று திருப்பிக் கத்தினாள். "ஆனா ஒரு ராத்திரிகூட கெடக்கல்லன்னு எழுதாத. அது இண்ணு வரைக்கும்தான்!"

போச்சு. என் முதல் அத்தியாயம் நின்ற அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னவளே பொய்யாக்கிவிட்டாள். டீச்சரிடம் இனி என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு வந்த சந்தோஷத்தில் நடுரோட்டிலேயே கைதட்டிக் குதித்தேன். டெம்போக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

"அவ எப்பம் வருவான்னு கேளு" என்றார் அப்பா மெதுவாக.

"நீங்க போய்க் கேளுங்கப்பா" என்றேன். "ரோடுதானே."