இருக்கிறேன்

தெருமுனையில் ஓலம் கேட்டதும் கப்டோல்லா கோலை இறுகப் பிடித்து முதுகை நிமிர்த்திக்கொண்டார். "ஓய், என் தம்பியே! என் தம்பியே!" என்று உரக்க அழுதபடி நான்கைந்து ஆண்கள் பனியில் சறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒவ்வொருவராக அவரைத் தழுவினார்கள். அவர்களுடைய தாடி ஈரம் அவர் கன்னத்தில் பட்டுப் பட்டு உறைந்தது.

அவர் அழவில்லை. மூத்த மகனைப் பறிகொடுத்தவர் இடுப்பில் துணி கட்டி, வாசலில் கோலூன்றி நின்று வாய்விட்டு அழலாம். ஆண்பிள்ளைக்கு அதில் இழுக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான் வரவில்லை. அழுகைக்குப் பதிலாகச் சொல்வதற்கு அவரிடம் ஒன்று இருந்தது.

"கடைசி மூச்சு வரைக்கும் இடத்த விட்டு நகரல. விடியுற வரைக்கும் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கான். கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கு."

"உங்க ரத்தமாச்சே, கபெகே. வேற எப்படி இருப்பான்?" என்றார்கள் வந்தவர்கள், மரியாதைக்காக அவர் பெயரைச் சுருக்கி.

முற்றத்தில் துக்கத்துக்காக எழுப்பிய கூடாரத்துக்குப் பின்னால், கொதிகலன் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. ஊரின் இந்தப் பாதியில் எல்லா வீட்டுக் குழாய்களுக்கும் அங்கிருந்துதான் வெந்நீர் போகிறது. இறந்துபோன மகன் ஓரல்பெக் அங்கே இரவுப் பணியாளன். கப்டோல்லா அதே நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஒருவன் பணி நேரத்தில் தூங்கிப்போய், கொதிகலன் அணைந்து, பாதி ஊரின் குழாய்கள் உறைந்து வெடித்தன. அதற்குப் பிறகு அவர்தான் விடாப்பிடியாக நின்று எல்லா நிலையங்களின் கணினியிலும் ஓர் ஏற்பாட்டைச் செய்யவைத்தார். அவ்வப்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'பணியாளர் இடத்தில் இருக்கிறாரா?' என்று கேட்கும். கீழே ஒரே ஒரு பொத்தான்: 'இருக்கிறேன்'. அதை அமுக்காவிட்டால் கீழே பம்பு அறையில் மணி அடிக்கும். மெக்கானிக் மேலே ஓடிவருவான். அந்தப் புரோகிராமை எழுதியவன் எப்போதோ ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்துவிட்டான். அதில் ஒரு எழுத்தை மாற்றவும் இன்று ஆள் இல்லை. பெட்டி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

"அப்பா, கொஞ்சம் இப்படி வாங்க."

இளையவன் தாவுரென். தேநீருக்காகச் சமோவார் புகைந்துகொண்டிருந்த மூலைக்கு அவரை அழைத்துப்போனான்.

"வர்றவங்ககிட்ட எல்லாம் அதச் சொல்லாதீங்க."

"எத?"

"விடியுற வரைக்கும் பதில் சொன்னான்னு. நான்தானே அண்ணனத் தூக்கிட்டு வந்தேன்? கட்டையா விறைச்சுக் கிடந்தான். விடியக்காலைல போன உடம்பு இல்ல அது. ராத்திரியே போயிட்டான்."

"அப்ப பதில் சொன்னது யாரு? பேயா?"

"நான் எழுதிக் குடுத்த ஸ்கிரிப்ட்."

கப்டோல்லாவுக்கு அந்தச் சொல் தெரியாது. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கமும் இல்லை. தாவுரென் தானாகவே சொன்னான்.

"பின்னாடி ஒளிஞ்சு ஓடிட்டே இருக்கும். அந்தப் பெட்டி வந்ததும் தேடிப் புடிக்கும். பட்டன அமுக்கின மாதிரி அதுக்கு ஒரு சேதி அனுப்பும். அமுக்கினது விரலா, வெறும் சேதியான்னு புரோகிராமுக்குத் தெரியாது. இருக்கேன்னு எழுதிக்கும்."

"திருட்டுத்தனம்."

"ஆமா."

"எதுக்குச் செஞ்ச?"

"நெஞ்சு வலிக்குதுன்னான். உக்காந்தே இருந்தா மூச்சு முட்டுது, ராத்திரில கொஞ்சம் சாஞ்சுக்கணும்டான்னான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

தாவுரென் அவரை நேராகப் பார்த்தான். "சொன்னானே."

சொல்லியிருந்தான். இலையுதிர் காலத்தில், தேநீர் மேசையில். பகல் பணிக்கு மாற்றிக் கேட்கட்டுமா என்றான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நிர்வாகி கென்ரிக் தட்டமாட்டார் என்றான். "இந்த வீட்டு ஆம்பளைங்க யாரும் நாற்காலியக் கண்டு பயந்ததில்ல" என்றார் கப்டோல்லா. ஓரல்பெக் சிரித்தான். ரொட்டியைப் பிட்டுத் தேநீரில் நனைத்துக்கொண்டான். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

"மத்த நிலையத்துக்காரங்களும் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. எல்லா இடத்துலயும் ஓடுது. இன்னைக்கு வேற எவனுக்காவது இப்படி ஆனாலும் மணி அடிக்காது. கென்ரிக் வந்ததும் சொல்லிடப் போறேன்."

"சொன்னா உன் அண்ணனுக்கு என்ன பேரு வரும்? வேலை நேரத்துல தூங்கினவன். கப்டோல்லா மகன் தூங்குமூஞ்சி. மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடியே சொல்வானுங்க."

"தூங்கலப்பா. செத்துட்டிருந்தான்."

"வாய மூடு." கோல் பனியில் குத்தி நின்றது. "நான் உசுரோட இருக்குற வரைக்கும் இந்த வாசலத் தாண்டி அந்தப் பேச்சு போகக்கூடாது."

கென்ரிக் கார்லோவிச், இப்போதைய நிர்வாகி, ரோமத் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். வழுக்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது. "கபெகே, என்ன சொல்றதுன்னே தெரியல. கண்ட்ரோல் ரூம் சுவர்ல ஓரல்பெக் படத்த மாட்டப் போறோம். கடைசி நிமிஷம் வரைக்கும் கடமையச் செஞ்சவர். இப்ப வர்ற பசங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்."

கப்டோல்லா தலையசைத்தார். மகன் வாயைத் திறப்பதற்குள் விருந்தாளியின் முழங்கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் நடத்திச் சென்றார்.

உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் ராய்குல் சுவரைப் பார்த்து, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். புதிதாக ஆள் நுழைந்தால் அவள் ஒப்பாரி எடுக்கவேண்டும். எடுத்தாள். கணவனின் பிறப்பைப் பாடினாள், தோளைப் பாடினாள், அவன் வளர்த்த சாம்பல் குதிரையைப் பாடினாள். கென்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் குரல் ஒரு படி கீழே இறங்கியது.

"கேட்டப்பல்லாம் இருக்கேன்னு சொன்னது யாரு கை ராசா?
சில்லிட்டுக் கிடந்த உன் கையா? சூடே இல்லாத திருட்டுக் கையா?
மணி ஒண்ணு அடிச்சிருந்தா படியேறி ஓடிவந்திருப்பானே,
இல்லைன்னு சொல்ல அங்க ஒரு வாயில்லாமப் போச்சே.
சாஞ்சுக்க இடம் கேட்டே, நிமிந்து உக்காருன்னாங்களே,
நீ நிமிந்து நின்ன வீட்டுலதான் இப்ப நீட்டிப் படுத்திருக்க."

ஒப்பாரியை யாரும் நிறுத்தக்கூடாது. முல்லாவும் கூடாது, மாமனாரும் கூடாது. வாழ்நாளெல்லாம் மாமனாரிடம் நிமிர்ந்து பேசாத மருமகளுக்கும் அந்த ஒரு வாசல் திறந்திருந்தது. அவள் கடைசி வரி வரைக்கும் பாடி முடித்தாள். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் வீட்டுக்காரர்கள் கொதிகலன் நிலையங்களில் இரவுப் பணி பார்ப்பவர்கள். ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இன்னொருத்தி தேநீர்க் கிண்ணத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். கப்டோல்லா நின்ற பக்கம் யாரும் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் தேவலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் கென்ரிக் தொப்பியை இரண்டு முறை சுழற்றினார்.

"துக்கத்துல பொம்பளைங்க என்னென்னவோ பாடுவாங்க. நான் எதையும் காதுல வாங்கல, கபெகே. பதிவு எப்படி இருக்கோ அப்படியே இருக்கும். உங்களுக்கும் கௌரவம், எங்களுக்கும் தொல்லை இல்ல."

"நல்லது" என்றார் கப்டோல்லா. தாவுரென் சமோவார் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

தொழுகைக்கு நின்றபோது முல்லா வழக்கப்படி கேட்டார். "இவர் எப்படிப்பட்ட மனிதர்?"

"நல்லவர்!" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். தாவுரெனின் குரல் மட்டும் எல்லாம் அடங்கிய பிறகு தனியாக வந்தது. "நல்லவன்."

மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. முந்தின நாளே டயர்களைக் கொளுத்தி இளக்கித்தான் குழி தோண்டியிருந்தார்கள். கப்டோல்லா போட்ட பிடி மண்ணில் கரி நாற்றம் அடித்தது.

திரும்பும் வழியில் கென்ரிக் காரை மெதுவாக ஓட்டினார். "அவர் கோட்டும் பிளாஸ்க்கும் ஸ்டேஷன்லயே இருக்கு. நாளைக்கு யார்கிட்டயாவது குடுத்து அனுப்பறேன்."

"நானே எடுத்துக்கறேன்" என்றார் கப்டோல்லா.

நிலையத்தின் வாசலில் கென்ரிக் காரிலேயே இருந்துகொண்டார். அப்பாவும் மகனும் இரும்புப் படிகளில் ஏறினார்கள். கண்ட்ரோல் அறையில் விளக்கு எரிந்தது. நாற்காலியில் ஆள் இல்லை. பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மாற்றாள் பெஞ்சில் படுத்திருந்தான். பூட்ஸ் இரண்டும் கீழே ஒழுங்காக ஜோடியாக இருந்தன. அவனுடைய குறட்டை பம்புகளின் இரைச்சலோடு ஒத்துப்போயிற்று.

ஆணியில் ஓரல்பெக்கின் கோட்டு தொங்கியது. அதை எடுக்கப் போன கப்டோல்லா பாதியில் நின்றார். திரையில் பெட்டி வந்தது. 'பணியாளர் இடத்தில் இருக்கிறாரா?' எதிரே யாருமில்லை. பொத்தான் தானாக உள்ளே அமுங்கி மீண்டது. பெட்டி மறைந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். வலது கையை மவுஸ் மேல் வைத்துக் காத்திருந்தார். பெட்டி வந்தது. விரலை அழுத்துவதற்குள் மறைந்துவிட்டது. அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறை அவர் இன்னும் முன்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அது அவரைவிட வேகமாக இருந்தது.

தாவுரென் கதவோரம் நின்றான்.

"எடு" என்றார் கப்டோல்லா.

"அப்பா?"

"அத எடு. மத்த இடத்துலயும் எடுக்கச் சொல்லு."

மகன் அவர் தோளுக்கு மேல் குனிந்து விசைகளைத் தட்டினான். "ஆச்சு" என்று விலகினான்.

கப்டோல்லா கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் கோலின் தலைமேல் வைத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பெட்டி வந்தது. 'பணியாளர் இடத்தில் இருக்கிறாரா?' எந்தக் காலத்திலோ அவரே சொல்லி எழுதவைத்த வாக்கியம் அது. இந்த முறை மறையவில்லை. நின்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பா, அமுக்குங்க. மணி அடிச்சிடும்."

அவர் கை கோலை விட்டு எழவில்லை.

கீழே மணி அடிக்கத் தொடங்கியது. யாரோ கத்தினார்கள். ஒரு கதவு சுவரில் மோதியது. பிறகு இரும்புப் படிகளில் ஆட்கள் தடதடவென்று ஏறும் சத்தம் கேட்டது.

சீக்கிரமாகத்தான் வந்தார்கள்.