ஸ்டீரிங் மேல் மூன்று விரல்

என் கை ஸ்டீரிங்கில் இருக்கும்போது முன்சக்கரத்தில் ஓர் எறும்பு நசுங்கினால், அது கட்டெறும்பா சிற்றெறும்பா என்று சொல்லிவிடுவேன். சாப்பிட்டுவிட்டுப் போனதா, பட்டினியாகப் போனதா என்று சொல்வதற்கு மட்டும் பின்சக்கரமும் ஏறியாக வேண்டும்.

இதை நம்பாதவர் ராஜபாளையத்தில் ஒரே ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் நம்பிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஐயாதுரை என்கிற என்னோடு வாதாடினால் சோறு ஆறிவிடும் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அழகுராஜா மட்டும் நின்று, "அந்தா அபத்தம்" என்பார். அவர் வீட்டில் பேசும் தெலுங்கில் அதற்கு 'அத்தனையும் பொய்' என்று பொருள்.

முப்பத்து நான்கு வருடம் இருவரும் ஒரே நூல் மில்லில் இருந்தோம். நான் கோன் சுற்றும் பகுதியில் மேஸ்திரி. அவர் நூலைப் பரிசோதிக்கும் லேபுக்குப் பொறுப்பு. ஓடுகிற நூலில் விரலை வைத்து எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று நான் சொல்வேன். அதையே அவர் மிஷினில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து, காகிதத்தில் அச்சடித்துச் சொல்வார். ஒருமுறை நூலைத் தொட்டுப் பார்த்து, அந்தப் பருத்தி விளைந்த கரிசல் காட்டுக்காரரின் பெயரையே சொன்னேன். இனிஷியல்தான் தப்பிவிட்டது. அன்றைக்கும் அவர் அபத்தம் என்றுதான் சொன்னார்.

இப்போது நூல் இல்லை, கார் இருக்கிறது. மகள் இந்து வாங்கிய கார். அவள் வேலை மாறி சிங்கப்பூர் போனபோது என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பார்வைக்குச் சாதுவான குடும்பக் கார்தான். நான்கு கதவு. பின்சீட்டில் என் மனைவி வெள்ளைத்தாய் சம்மணம் போட்டு உட்காரலாம். டிக்கியில் மூன்று மூட்டை அரிசி கொள்ளும். ஆனால் அந்த ஸ்டீரிங் இருக்கிறதே! மற்ற கார்களில் ஸ்டீரிங்கைத் திருப்புவது மோர்ப்பானையில் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி. சக்கரத்துக்கும் கைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. இதில் நெல்மணி அளவு திருப்பினால் காரின் மூக்கு நெல்மணி அளவு திரும்பும். திருப்பலாமா என்று யோசித்தாலே அது பாதி திரும்பியிருக்கும். 'ஸ்போர்ட்' என்று ஒரு பட்டன் வேறு. அதை அமுக்கினால் ஸ்டீரிங் கனத்து, ரோட்டின் மேடு, பள்ளம், மணல், ஈரம் அத்தனையும் கைக்கு ஏறிவரும். பட்டனை எடுத்துவிட்டால் லேசாகி, ரோடு ஊமையாகிவிடும்.

இந்தச் சுகத்துக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது ஒரு காபி டம்ளரால்.

எனக்குச் சர்க்கரை உண்டு. வலது கையில் மூன்று விரல் நுனிகளில் விடியற்காலை மதமதப்பு இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் வெள்ளைத்தாய் வைத்த காபியை எடுத்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வாங்கியவள் "ஐயோ" என்று கீழே போட்டுவிட்டாள்.

"இந்தக் கொதியை எப்படிப் புடிச்சிய?"

"வீரம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். கார் ஓட்டலாமா என்று கேட்டதற்கு, கையில் உணர்ச்சி நன்றாக இருந்தால் ஓட்டலாம் என்றார். அன்று சாயங்காலமே சிங்கப்பூரிலிருந்து போன்.

"அப்பா, சாவியை அழகுராஜா மாமாகிட்டக் குடுத்துருங்க. அவரு எப்பவோ வண்டியைக் கேட்டாரு. அவருக்கே குடுத்துருவோம்."

"என் கைக்கு என்னட்டி? எறும்பு..."

"எறும்பு கதையெல்லாம் வேண்டாம்ப்பா. உணர்ச்சி இல்லாத கையோட ரோட்டுல போயி, யாரு மேலயாச்சும் ஏத்துனா?"

சாவியை ஆணியிலிருந்து எடுத்தேன்.

சாவி அழகுராஜா வீட்டுக்குப் போயிற்று. கார் மட்டும் என் வாசலில் நின்றது. ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வலதும் இடதுமாகத் திருப்பும். ஈயச்சட்டி மூடி, அண்டா விளிம்பு, வெள்ளைத்தாயின் முறம், வட்டமாக எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். வாசலுக்குப் போவேன், வருவேன், மறுபடி போவேன். கார் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்ப்பேன். விடியற்காலை எழுந்து விரல் நுனிகளைச் சுவரில் தேய்த்துப் பார்ப்பேன். ஒருநாள் சுவர் தெரிந்தது. ஒருநாள் தெரியவில்லை. உண்மையில் போய்விட்டதா, இருக்கிறதா என்று எனக்கே பிடிபடவில்லை. ஊரெல்லாம் அளந்துவிட்டவனுக்குத் தன் விரலைப் பற்றி ஓர் உண்மை தெரியவில்லை.

ஆறாம் நாள் பொறுக்காமல் இந்துவுக்குப் போன் போட்டேன். "சோதிச்சுப் பாருங்க. என் கண்ணைக் கட்டுங்க. ஸ்டீரிங்கைத் தொட்டுக்கிட்டே வண்டி எங்க போவுதுன்னு சொல்லுதேன். தப்புனா வண்டி அழகுராஜாவுக்கு."

அவள் வெகுநேரம் சிரித்தாள். பிறகு, "மாமா சொன்னா ஒத்துக்கிடுதேன். உங்களைப் பாராட்டி ஒரு பொய் சொல்லாத ஒரே மனுசன் அவருதான்" என்றாள்.

காரை வாங்க ஆசைப்படுகிறவரே நீதிபதி! ஆனால் வேறு வழியில்லை.

சனிக்கிழமை காலை அழகுராஜா வந்தார். லேப் சாம்பிளைத் தயார் செய்வது போல என்னைத் தயார் செய்தார். வெள்ளைத்தாயின் சிவப்புத் துண்டால் கண்ணைக் கட்டினார். சத்தம் துப்புக் கொடுக்கும் என்று காதுகளில் பஞ்சு. ஜன்னல் பக்கமிருக்கும் இடது கையில் வெயில் பட்டால் திசை தெரிந்துவிடும் என்று, அதை முதுகுக்குப் பின்னால் மடக்கி நைலான் கயிறு. பள்ளம் மேட்டை உட்காருமிடம் சொல்லிவிடும் என்று அடியில் இரண்டு தலையணை. என் உச்சந்தலை காரின் கூரையை முட்டியது.

பஞ்சை அடைக்கும் முன் கடைசியாகக் கேட்டது வெள்ளைத்தாயின் குரல்: "அவிய வாயையும் செத்த நேரம் கட்டிப் பாருங்களேன் அண்ணாச்சி. ஊருக்கு நல்லது."

அழகுராஜா ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் இருந்து வலது கையின் அந்த மூன்று விரல்களை ஸ்டீரிங் விளிம்பில் வைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு. நான் சொல்வது சரியா தப்பா என்று அவர் சொல்லமாட்டார். சொன்னாலும் எனக்குக் கேட்காது.

முதல் ஐந்து நிமிடம் பயம்தான். பிறகு விரலுக்குள் ரோடு மெல்ல ஊறியது.

"பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டியாச்சு! இது தக்காளி லாரி நிக்கிற இடம், வழுக்குது!" என்று கத்தினேன். காதில் பஞ்சிருந்ததால் எல்லாவற்றையும் கத்தித்தான் சொன்னேன். "குழாய்க்குத் தோண்டி மூடுன எடம், கோணலா வெட்டியிருக்கான்! பாலம்! முதல் இணைப்பு... ரெண்டாவது இணைப்பு! புதுத் தாரு, போட்டு ரெண்டு மாசந்தான் இருக்கும்! மலைச்சந்துக் காத்து வலது பக்கம் தள்ளுது, ராஜா, நீரு இடது பக்கம் சாஞ்சு புடிக்கிறீரு!"

விரலில் ரோடு ஓடிற்று. மில்லில் நூல் ஓடியது போலவே ஓடிற்று. காண்ட்ராக்டர் எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பதுவரை தெரிந்தது. அதைச் சொல்ல நேரமில்லை.

அப்போது சட்டென்று எல்லாம் நின்றுபோனது.

வண்டி போகிறது. இருக்கை அதிர்கிறது. விரலில் மட்டும் ஒன்றுமில்லை. வெறும் வட்டம். அழுத்திப் பிடித்தேன், தளர்த்தினேன், மூன்று விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஊமை. முடிந்தது, ஐயாதுரை. டம்ளர் சொன்னது சரிதான். இனி வாசலில் கார்கூட நிற்காது. கடைசியாக விளிம்பை நெல்மணி அளவு இழுத்துப் பார்த்தேன். ஸ்டீரிங் கொஞ்சம் அசைந்தது.

அசைந்த விதம்தான் என்னைக் காப்பாற்றியது. அது லேசாக, மோர்ப்பானைக் கரண்டி மாதிரி அசைந்தது.

"ஏய் ராஜா! பட்டனை எடுத்துட்டீரு! ஸ்போர்ட்டை அமுக்கும்வே, கள்ளன்!"

இரண்டு மூச்சு. ஸ்டீரிங் கனத்தது. ரோடு திரும்பி வந்தது, என் கண்ணில் துண்டு நனைந்தது. வியர்வைதான்.

கொஞ்ச தூரத்தில் ஸ்டீரிங் இடதுபுறம் நெடுக வளைந்தது. வளைந்துவிட்டு நேராகவில்லை. இது பெரிய ரோடு இல்லை. ஓரம் இடிந்த, ஒடுக்கமான ரோடு. நான் துள்ளிவிட்டேன். கூரை என் தலையைத் தட்டி உட்காரவைத்தது.

"ஏமாத்துதீரு! இது ஊருக்குள்ள போற ரோடு இல்ல! நம்ம பக்கத்துத் திருவண்ணாமலை ரோடு! பெருமாள் கோயில் ரோடு! இந்தா... செம்மண்ணு! லாரி சிந்துன செம்மண்ணு!"

வண்டி நின்றது.

அழகுராஜா என்னை ஏமாற்றப் பாதை மாறியதெல்லாம் சரி. அன்றைக்குப் புரட்டாசி சனிக்கிழமை என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனார். மலையடிவாரம் வரைக்கும் ஜனம். நடந்து போன பக்தர்கள் என்ன பார்த்தார்கள்? கண்ணைக் கட்டி, கையைக் கட்டி, கூரை முட்ட உட்காரவைக்கப்பட்ட ஒரு கிழவன் கண்ணாடிக்குள்ளிருந்து வாயைப் பிளந்து கத்துகிறான். பக்கத்தில் ஒருவர் காட்டுப்பக்கமாக ஓட்டிக்கொண்டு போகிறார். அவர்கள் முன்னால் ஓடிப்போய்க் கூட்டத்துக்குக் காவலிருந்த போலீசிடம் சொல்லிவிட்டார்கள்.

யாரோ என் காதிலிருந்து பஞ்சை உருவினார்கள், கண்கட்டை அவிழ்த்தார்கள். எதிரே ஒரு பெண் எஸ்.ஐ. சட்டையில் கனகலட்சுமி என்று பெயர். கயிற்றை அறுத்துவிட்ட கான்ஸ்டபிளை முத்துப்பாண்டி என்று கூப்பிட்டார். அழகுராஜா வெளியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் மஞ்சள் வேட்டிகள்.

"பயப்படாதீங்க ஐயா. இந்தாளு யாரு? உங்களுக்குத் தெரியுமா?" என்றார் எஸ்.ஐ.

ஒரு வார்த்தை போதும். 'சிநேகிதர்' என்றால் முடிந்தது. நான் வாயைத் திறந்தேன். அழகுராஜாவின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

"ஐயாதுரை! சொல்லுமய்யா!" என்றார் அவர்.

நான் என் மணிக்கட்டைத் தடவிவிட்டுக்கொண்டு, சிவப்பான கயிற்றுத் தடத்தைக் கூட்டத்துக்குக் காட்டினேன். கூட்டம் 'ச்சோ' கொட்டியது.

"பாவம், பேச்சு அடைச்சுப்போச்சும்மா" என்றார் முத்துப்பாண்டி. "அடியில பாருங்க, தலையணை. கொலைக்கே தயாரா வந்திருக்காப்ல."

"அது உட்காருறதுக்குய்யா!" என்று அழகுராஜா கதறினார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எஸ்.ஐ. வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். இந்துவின் குரல்: "மாமா, அப்பா வாயத் தொறந்தாரா இல்லையா? சொல்லலைன்னா வண்டியை நீங்களே எடுத்துக்கிடுங்க."

கூட்டம் ஓரடி முன்னால் வந்தது.

"ஓகோ" என்றார் கனகலட்சுமி. "பொண்ணும் கூட்டா? இந்தாம்மா, நான் போலீஸ் பேசுறேன். லைன்ல இரு. ஏய்யா, பெரிய மனுசா, இவரு என்னத்தைச் சொல்லணும்னு இந்தப் பாடு படுத்துன? உண்மையைச் சொன்னா இங்கயே முடியும். இல்லைன்னா ஜீப்ல ஏறு."

நான் அப்போதும் பேசவில்லை. குறும்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுக்கக் குறும்பு இல்லை. நான் கத்தியது அத்தனையும் சரியா, தப்பா என்று அந்த நிமிடம் வரை எனக்கே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர். என் கை எனக்கு உண்டா இல்லையா என்பது அவர் வாயில் இருந்தது. மூன்று விரலையும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்தபடி நின்றேன்.

அழகுராஜா தலையைக் குனிந்திருந்தார். முன்சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து டயரை ஒரு விரலால் தொட்டு, விரலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். ஆசைப்பட்ட காரை ஒருதரம் முழுக்கப் பார்த்தார். லேபில் ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா, இவரு என் சிநேகிதரு. கை மரத்துப்போச்சா இல்லையான்னு பார்க்க நாங்களா வச்சுக்கிட்ட சோதனை. கண்ணைக் கட்டி, ஸ்டீரிங்கைத் தொட்டுப் போற எடத்தைச் சொல்லணும். பதினோரு எடம் சொன்னாரு. நான் பட்டனை மாத்துனதையும் சொன்னாரு, ரோட்டை மாத்துனதையும் சொன்னாரு. பத்து எடம் சரி. கடைசியா செம்மண்ணுன்னாரு. நான் பார்த்துத்தான ஓட்டுனேன், ரோட்டுல ஒண்ணுமே தெரியல. தப்புன்னு மனசுல குறிச்சுட்டேன், வண்டி எனக்குத்தான்னும் நெனச்சேன்."

விரலை நீட்டினார். நுனியில் சிவப்பாகப் பொடி.

"இந்தாங்க, டயர்ல ஒட்டியிருக்கு. என் கண்ணுக்குத் தப்புனது இந்தாளு கைக்குத் தப்பல. இந்து, கேக்குதாம்மா? பதினொண்ணுக்குப் பதினொண்ணு. அபத்தம் இல்ல. நடந்துச்சு."