வியாழன் நழுவாமல் மிதித்தவர்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. குருநகர் மக்டலீன் அக்கா தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னது. எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எழுதியதை அழிக்காமல் கீழே வைக்கிறேன், பார்த்துத் திட்டுங்கள்.

2

முதல் தொடக்கம்: "1994 ஆடி. ரேடியோ திருத்தும் சூசைதாசன், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தின் இருண்ட வானத்தைத் தன்னந்தனியாக..."

(தன்னந்தனியாகவாம்! நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: "வால்வெள்ளி உடைந்து வியாழனில் விழுகிறதென்று செய்தி சொன்னது. சூசைதாசன் பழைய சர்வே கருவியின் வில்லையைக் குழாயொன்றில் பொருத்தித் தொலைநோக்கி செய்தார். வியாழன் நகர நகரக் குழாயும் திரும்பவேண்டுமே! அதற்குக் கசற் ரெக்கோடரின் மோட்டார், சுவர்மணிக்கூட்டின் பற்சக்கரங்கள். கரண்டுக்குச் சைக்கிள் டைனமோ. செய்முறையைப் படமாகக் கீறிக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார்."

[அடிக்குறிப்பு மாதிரி: போரால் பற்றரிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு யாராவது மிதித்தால்தான் ஊரில் ரேடியோவே பாடும். சூசைதாசனின் படத்தில் சைக்கிள் இருந்தது. மிதிக்கும் ஆள் இல்லை.]

3

"பொழுதுபட, ஒழுங்கைச் சனம் முழுக்க முற்றத்தில் வரிசையாக நின்றது.

'ஐயோ, வால்வெள்ளி விழுந்த கறுப்புப் பொட்டுத் தெரியுது!' என்று கத்தினார் பக்கத்து வீட்டு இன்னாசித்தம்பி.

'அடுத்த ஆள் வாங்கோ,' என்ற சூசைதாசன், சைக்கிள் பக்கம் திரும்பினார். 'இஞ்சேரும், நிப்பாட்டாதேயும். வியாழன் ஓடிப்போடுவார்.'"

இதுவரை வாசித்தேன். அக்கா கேட்டார்: "தம்பி, இதிலை நான் எங்கை?"

"சைக்கிளிலை, அக்கா. 'இஞ்சேரும்' எண்டு வருதெல்லோ."

"ஓம், ஓம்," என்றுவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சீ, நானும் ஒரு எழுத்தாளன்!

4

சூசைதாசனின் மனைவிதான் மக்டலீன்; பேர் சொல்லாமல் அவர் கூப்பிட்ட அந்த 'இஞ்சேரும்' இவர்தான். மிதித்தது அவர். மறுநாளும் வரிசை, அதற்கு மறுநாளும் வரிசை. வியாழனில் பொட்டுகள் மங்கி மறையும்வரை அவர் மிதித்தார். ஒருநாளும் பார்க்கவில்லை.

"இறங்கினா மோட்டர் நிண்டிடும். ஆராவது 'நான் மிதிக்கிறன், நீ போய்ப் பார்' எண்டு சொல்லுவினம் எண்டு இருந்தனான். எனக்கும் சரியான ஆசை, தம்பி."

இதை அவர் முதல்நாளே சொன்னவர். கதாநாயகன் சிறுத்துப்போவான் என்று நான்தான் வெட்டினேன். எவ்வளவு கேவலம்!

5

முடிவு ஒன்று: சூசைதாசன் ஓடிவந்து, "நீர் போய்ப் பாரும்" என்கிறார். (பொய். அக்கா சிரிப்பார்.)

முடிவு இரண்டு: நான் மிதிக்கிறேன். (இதுவும் பொய். அங்கே இருந்திருந்தால் வரிசையில்தான் நின்றிருப்பேன். முன்னுக்குப் போகவும் முண்டியிருப்பேன்.)

மூன்றாவதை எழுத எனக்கு முகமில்லை. வாசிக்கிற நீங்கள் பொட்டைப் பார்த்தாயிற்று. சைக்கிள் முற்றத்தில்தான் நிற்கிறது. ஏறுங்கள். வேகம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அக்கா இறங்கி, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தொலைநோக்கிக் குழாயருகே போகிறார்.

நிப்பாட்டிப்போடாதேங்கோ.