அரக்கு அடைத்த மாணிக்கம்

எங்கள் துனிஸ் கடைத்தெருவில் ஷேக் ஹம்தீஸை எனக்குப் பிடிக்காது. கற்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். வாழ்நாளில் ஒரு கல்லைக்கூட விற்றதில்லை. கல் அசலா போலியா என்று நான் பார்த்த மாத்திரத்தில் சொல்வதை அவர் தராசில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுத்தான் சொல்வார்.

அன்று சந்தை அதிகாரியின் முன்னால் அவர் தொங்கவிட்டது நான் விற்ற மாணிக்கம். வாங்கிய குதிரை வியாபாரி, அது போலி என்று புகார் கொடுத்திருந்தான். போலி என்று தீர்ப்பானால் கடைக்குப் பூட்டு. என்னைக் கழுதைமேல் வால்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர்வலம் விடுவார்கள்.

ஷேக் இரண்டு முறை நிறுத்தார்.

"இந்தப் பருமனுக்கு, தண்ணிக்குள்ள மாணிக்கத்துக்கு வரவேண்டிய எடை வரல. குறையுது."

"உங்க தராசுக்கு வயசாயிடுச்சு ஷேக். உங்கள மாதிரியே."

"இருக்கலாம். அதான் நெருப்புல போட்டுப் பாத்துடலாங்கிறேன். மாணிக்கம்னா நெறம் மாறாது. தெனம் நீ இதச் சொல்லித்தானே விக்கிற?"

சொல்லித்தான் விற்கிறேன். அன்று மட்டும் கல்லைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அது அசல் மாணிக்கம்தான், சத்தியமாக. ஆனால் பழைய கழுத்துமாலையிலிருந்து வந்தது, கோப்பதற்கான துளை இருந்தது. துளையில்லாத கல்லுக்குத்தான் நல்ல விலை. அதனால் சிவப்பு அரக்கை உருக்கி அடைத்து, மெருகேற்றி, முழுக்கல் என்று விற்றேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் செய்கிற வேலைதான். நெருப்பில் போட்டால் அரக்கு ஓடிவிடும்.

"என்ன மக்லூஃப், பயமா?" என்றார் அதிகாரி.

கழுதை கண்முன் வந்து நின்றது.

"போடுங்கய்யா. அதுல ஒரு துளை இருக்கு, அரக்கு வெச்சு அடைச்சிருக்கேன். அது உருகும். கல்லு மாறாது."

குதிரை வியாபாரி திட்டியதை எழுத முடியாது. கல் அதே சிவப்பாக வெளியே வந்தது, துளையோடு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதோடு அதிகாரி என்னை விட்டுவிட்டார்.

ஷேக் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறிய கல்லைத் தண்ணீரில் அமிழ்த்தி, துளைக்குள் இருந்த காற்றை ஆட்டி வெளியேற்றி, மறுபடி நிறுத்தார். மாணிக்கத்தின் எடை, இம்மி பிசகவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"தராசு பொய் சொல்லல பாத்தியா. லேசான அரக்கு உள்ள எடத்த அடைச்சிருந்ததாலதான் எடை கொறஞ்சுது. நீ இல்லன்னா இந்த அரக்கு சமாச்சாரம் எனக்குத் தெரிஞ்சே இருக்காதுப்பா. புஸ்தகத்துல உன் பேரப் போட்டே எழுதறேன். அடுத்தவன் சொன்னத என்னுதுன்னு சொல்ற பழக்கம் எனக்கில்ல."

வேண்டாம் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். கேட்கவில்லை.

ஊர்வலம் என்றால் ஒரு நாளோடு போயிருக்கும். போன மாதம் டமாஸ்கஸிலிருந்து ஒருவன் என் கடைக்கு வந்தான். பெயர் கேட்டான், சொன்னேன்.

"அரக்கு மக்லூஃப் நீங்கதானா?" என்றான், மிகுந்த மரியாதையோடு.