கரை தாண்டும்வரை

சரவெடி மூட்டையை ஷேர் ஆட்டோவிலிருந்து இழுத்துப் பந்தலடியில் தொப்பென்று போட்டான் சார்லஸ்.

"எல்லாம் ஆயிரம்வாலா. எங்க அண்ணன் என்னா அநாதையா? கல்லறை போற வரைக்கும் காது கிழியணும்" என்றான், பறையடிக்க வந்தவர்களைப் பார்த்து.

அண்ணன் லூர்துசாமி வெள்ளைச் சட்டையில், பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்றுக் காலை மாரடைப்பு. அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருஷமாயிற்று. எல்லாம் இந்த வெடியால் வந்த வினை. அப்பாவைத் தூக்கிப்போன அன்று, ஏரிக்கரை ஏறியதும் லூர்துசாமி ஓடிவந்து திரியைக் காலால் மிதித்து அணைத்துவிட்டார். பனிக்காலத்தில் பெருமாள் ஏரிக்கு வந்து இறங்குகிற பறவைகள் மிரண்டுவிடுமாம்! பெற்ற அப்பனைவிட வாத்து பெரிசா என்று ஊரே சிரித்தது. மானம் போன சார்லஸ், குடும்பத்தோடு திருப்பாதிரிப்புலியூருக்குக் குடிபோய்விட்டான்.

மனுஷர் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை. மார்கழி பிறந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு பைனாகுலரை மாட்டிக்கொண்டு, கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வருகிறவர்களை ஏரியைச் சுற்றி நடத்திப்போவார். வருஷா வருஷம் மகள் நித்யா மேரியிடம் சொல்லியனுப்புவார்: "சித்தப்பாவ ஒரு வாட்டி வரச்சொல்லும்மா." சார்லஸ் போனதே இல்லை.

அண்ணி சவரிமேரி எழுந்து வந்து மூட்டையைப் பார்த்தாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"கரை மேல மட்டும் வேணாம் தம்பி."

"சும்மா இருங்கண்ணி. அப்பாவுக்குத்தான் இல்லாமப் போச்சு. இவருக்குமா? நாலு பேரு என்னா பேசுவான்?"

"அவரு இருந்திருந்தா உங்க கால்ல விழுந்திருப்பாரு. நான் விழல. அப்புறம் உங்க இஷ்டம்."

சார்லஸுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

கோயிலில் பூசை முடிந்து பெட்டி கிளம்பியது. ஊருக்குள் வீறாப்பாக வெடித்துத் தள்ளினான். ஊரைத் தாண்டி வெகுதூரம் வந்து கரை ஏறுகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனோடு பறவை பார்க்க நடந்தவர்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். அவன் புதுச் சரத்தைத் தரையில் விரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊதுபத்தி நெருப்பை ஊதியபடி சார்லஸ் தண்ணீர்ப் பக்கம் திரும்பினான்.

அடேயப்பா! ஏரியா அது? கண்ணுக்கெட்டிய தூரம் வாத்துகள். வால் மட்டும் ஊசியாக நீண்டு, தலையை முதுகுக்குள் செருகிக்கொண்டு அத்தனையும் தூங்கின. பத்து இருபது வாத்துக்காகத்தான் அண்ணன் இத்தனை ஆட்டம் போட்டார் என்று இதுநாள்வரை நினைத்திருந்தான்.

"எங்கேர்ந்து வருது இதுங்க?" என்று பக்கத்தில் வந்த நித்யா மேரியைக் கேட்டான்.

"சைபீரியா பக்கத்துலேர்ந்துல்லாம் வருது சித்தப்பா. ராவெல்லாம் மேஞ்சிட்டு, பகல்ல இப்பிடித்தான் தூங்கும்."

"இதக் காட்டத்தான் கூப்புட்டாரா?"

"ஆமா சித்தப்பா."

அண்ணன் அத்தனை முறை கூப்பிட்டதற்கு இன்றைக்குத்தான் வந்திருக்கிறான். பாவி, இன்றைக்கா வரவேண்டும்!

"அண்ணே, அடிக்கலாமா?" என்றார் பறைக்காரர்.

சார்லஸ் வேண்டாமென்று கையமர்த்தினான். ஊதுபத்தியை ஈரமண்ணில் குத்தி அணைத்தான். சரத்தைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்தான். இரண்டடி வைத்தால் புதுச் செருப்பு சடக் சடக்கென்றது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் பெட்டியைப் பிடித்துத் தோள் கொடுத்தான். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

கரை முடிந்து இறங்கும் இடத்தில் சார்லஸ் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் அப்படியே இருந்தது. பெட்டியின் பலகையோடு வாயை வைத்தான்.

"அண்ணே, ஒண்ணுகூட எழும்பல."

கல்லறை வாசலுக்கு வந்தபிறகும் செருப்பு அவன் கையிலேயே இருந்தது.