அவள் எந்த வீட்டுக்குப் போனாள்

1

இந்தக் கதை எனக்குச் சலவை ஆலையில் கிடைத்தது. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற வேலை. சூடான உருளையில் நான், எதிரே அக்கா. எல்லாருக்கும் அவள் அக்காதான். கழுத்தில் ஒரு தழும்பு. புருஷனை விட்டுவிட்டு வந்து ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தாள்.

(“ஆவி படர்ந்த அந்த உலகில்...” என்றுதான் முதலில் தொடங்கினேன். எனக்கே கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன்.)

2

அவளுடைய இரண்டு மகன்களும் வந்தார்கள். கூட்டிவரச் சொல்லி அப்பா அனுப்பியிருந்தார். மூத்தவன் லாரி ஓட்டுகிறவன், இளையவன் வெல்டர். அக்கா வேலையை நிறுத்தவில்லை. விரிப்பின் இரண்டு முனைகளை அவர்கள் கையில் கொடுத்தாள். “சும்மா நிக்காதீங்க, இழுத்துப் பிடிங்க.”

“அப்பா சொன்னா சொன்னதுதாம்மா,” என்றான் இளையவன். “புராணத்துல அப்பா சொன்னார்னு ஒருத்தன் பெத்தவ தலையவே வெட்டினான். நாங்க வீட்டுக்குத்தான கூப்பிடுறோம்.”

“டேய் மண்டு, அது உருவகம்டா,” என்றான் மூத்தவன். “தாய்ன்னா மாயை, கோடாலின்னா ஞானம். பிரசங்கத்துல தூங்கிட்டியா?”

“வெட்டினான்னுதான் எழுதியிருக்கு. கழுத்துல விழுந்தா அது ஞானமா?”

“நீ இரும்ப ஒட்டுறவன். உனக்கு எல்லாம் இரும்பாத்தான் தெரியும்.”

அக்காவும் சிரித்தாள். (இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் சிரித்தாள்.)

3

“நெசமோ உருவகமோ, இருக்கட்டும். நாளைக்கு உங்கப்பா வெட்டுடான்னா?” கேலியாகத்தான் கேட்டாள்.

“அவரு அப்படிச் சொல்வாராம்மா,” என்றான் மூத்தவன்.

இளையவன் விரிப்பின் விளிம்பைச் சரிசெய்துகொண்டே, தண்ணி குடித்தாயா என்று கேட்கிற குரலில் சொன்னான்: “அதான் அப்புறம் வரம் கேட்டு அவளுக்குத் திரும்ப உசுரு குடுத்துட்டானேம்மா.”

உருளையை நிறுத்த மறந்துவிட்டேன். துணி கருகுகிற வாடை வந்த பிறகுதான் எனக்கு

[முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

அக்கா தன் முனைகளை விடவில்லை. “உசுரு வந்ததும் அவ எந்த வீட்டுக்குடா போனா?”

மூத்தவன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். மாயைக்கு வீடு கிடையாது. மூடிக்கொண்டான்.

4

இதுவரை எழுதியதை ஒரு பத்திரிகை ஆசிரியர் படித்தார். “அந்தத் தழும்பு எதோட குறியீடு?” என்றார்.

“தழும்பு சார். புருஷன் கத்தியால வெட்டினது.”

“சரி, கத்தி எதைக் குறிக்குது?”

அவர் நல்லவர். உண்மையாகவேதான் கேட்டார்.

5

மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் மகன்கள் காலில் விழுந்து அழுகிறார்கள். பொய், அடித்துவிட்டேன். ஒன்றில் விரிப்பு இருபுறமும் இழுபட்டுக் கிழிகிறது. ஆசிரியருக்குப் பிடித்தது அதுதான். ஆனால் விடுதி விரிப்பு அவ்வளவு லேசில் கிழியாது. மூன்றாவதில் அவள் போகிறாள். அதை எழுதிய தாளைத் திரும்பப் படிக்க எனக்குத் தைரியமில்லை.

நான் நிறுத்துகிற இடத்தில் மூத்தவன் தன் முனையைக் கீழே போட்டுவிட்டான். இளையவன் இன்னும் பிடித்திருக்கிறான். அக்கா பதிலுக்காக அவனையே பார்க்கிறாள்.

இனி உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவள் போவதாக முடித்தால் மட்டும், அந்த வீட்டில் கத்தி எங்கே இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.